காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு வாசலில் என்ன விசாரணை?

2007ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாம் திகதி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகருக்கு அருகேயுள்ள புரூக்ளின் என்னும் சிறு நகர். அங்கிருந்த சேர்கிட் சிற்றி என்ற பெரிய இலத்திரனியல் பொருள் அங்காடியில் இளைஞர் ஒருவர் பொருள் வாங்கினார். காசாளரிடம் பணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டையும் பெற்றுக்கொண்டார். வெளிவாசலை நெருங்கியபோது அங்கு நின்ற ஊழியர் பையையும் பற்றுச்சீட்டையும் காட்டும்படி கேட்டார். காட்ட விரும்பவில்லை என்று கூறிவிட்டு அவர் வெளியே நடந்தார்.

அங்காடியின் முகாமையாளரும் ஊழியரும் வாகனத் தரிப்பிடம் வரை அவரைப் பின்தொடர்ந்தனர். அவரது குடும்பத்தினர் காத்திருந்த வாகனம் புறப்பட முடியாதவாறு மறித்து நின்றனர். இளைஞர் தமது கைத்தொலைபேசியில் 911ஐ அழைத்துப் பொலிஸாரின் உதவியைக் கோரினார். வந்த பொலிஸ் அதிகாரி பையையும் பற்றுச்சீட்டையும் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் விடயம் அத்துடன் முடியவில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டும்படி அதிகாரி கேட்டார். தாம் வாகனத்தைச் செலுத்தவில்லை என்றும், பெயரைச் சொல்லத் தயார் என்றும், அனுமதிப்பத்திரத்தைக் காட்டும் கடப்பாடு தமக்கில்லை என்றும் இளைஞர் வாதிட்டார். உத்தியோகபூர்வக் கடமைக்கு இடையூறு விளைவித்தார் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். உதவி கேட்டுப் பொலிஸாரை அழைத்தவரே கைதியானார்!

அதே மாதத்திலேயே நகர நிர்வாகம் குற்றச்சாட்டைக் கைவிட்டது. பதிலுக்கு, நகரின் மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று அவர் உடன்பட்டார். நீதிமன்றம் ஒன்றில் முழுமையாக விவாதிக்கப்பட்டுத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி இவ்விதம் சமரசத்தில் அடங்கிப் போயிற்று. கேள்வி மட்டும் இன்றும் உயிரோடிருக்கின்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் பெரிய அங்காடிகளின் வாசலில் அது நாள்தோறும் எழுகின்றது. பணம் செலுத்தி வாங்கிய பொருளோடு வெளியேறும் ஒருவரை நிறுத்தி, "சீட்டைக் காட்டு" என்று கேட்பதற்குக் கடைக்காரருக்கு என்ன அதிகாரம்? காட்டமாட்டேன் என்று சொல்பவர் உரிமையை நிலைநாட்டுபவரா, வீண் வம்பு வளர்ப்பவரா?

முதலில் சட்டம் என்ன சொல்கின்றது என்று பார்ப்போம். விலை செலுத்தப்பட்டுப் பொருள் கையளிக்கப்பட்ட கணத்திலேயே அதன் உரிமை வாங்கியவருக்குச் சென்றுவிடுகின்றது. காசாளரின் மேசைக்கும் வெளிவாசலுக்கும் இடையிலுள்ள முப்பது அடித் தூரத்தில் வாடிக்கையாளர் தள்ளிச் செல்வது கடையின் பொருளை அன்று. தம்முடைய சொந்தப் பொருளை. இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆகவே வாசலில் நிற்பவர் பற்றுச்சீட்டைக் காட்டும்படி சொல்வது, சட்டத்தின் கண்ணில், ஒரு வேண்டுகோள். வேண்டுகோளை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

ஆனால் கடைக்காரருக்கும் ஒரு தற்காப்பு உண்டு. கடைக்காரரின் சிறப்புரிமை என்று அமெரிக்கச் சட்டத்தரணிகள் அதனை அழைக்கின்றனர். ஒருவர் பொருளைத் திருடினார் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருக்குமாயின், நியாயமான முறையில், நியாயமான நேரத்துக்கு அவரைத் தடுத்துவைத்து விசாரிக்கலாம். கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1936ஆம் ஆண்டிலேயே ஒரு வழக்கில் இதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் பெரும்பாலான மாநிலங்கள் இதனைச் சட்டமாகவே இயற்றின. 'நியாயமான' என்ற சொல் இங்கு மூன்று தடவை வருவதைக் கவனியுங்கள். ஒருவர் பொருளை அங்கிக்குள் மறைத்ததை ஊழியர் கண்டிருந்தால் அது நியாயமான காரணம். வாசலில் வரும் எல்லோரிடமும் ஒரே விதமாகக் கேட்கப்படும் சீட்டை ஒருவர் காட்ட மறுத்தார் என்பது மட்டும் அத்தகைய காரணமாகிவிடாது என்பதே இதுபற்றி எழுதியுள்ள சட்டத்தரணிகள் பலரின் கருத்து. உரிமையைப் பயன்படுத்துவதே குற்றத்துக்குச் சான்றாகிவிடுமானால் பிறகு அந்த உரிமைக்கு என்ன பொருள்? எனினும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டத்தின் சொற்கள் வேறுபடுகின்றன. நீதிபதிக்கு நீதிபதி பார்வையும் வேறுபடுகின்றது. வாசலில் நின்று சட்டம் பேசப் புறப்படுபவர்கள் இதனையும் மனதில் கொள்ளவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நியாயமற்ற சோதனையிலிருந்து குடிமக்களைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தைச் சிலர் இந்த இடத்தில் உரத்து மேற்கோள் காட்டுவர். 1791இல் நிறைவேறிய அத்திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. தனியார் அங்காடியின் வாசலில் நிற்கும் ஊழியருக்கு எதிராக அது துணைக்கு வராது. அங்கு துணைக்கு வரக்கூடியது, ஒருவரைக் காரணமின்றித் தடுத்துவைப்பது தவறு என்கின்ற பழைய பொதுச்சட்டக் கோட்பாடேயாகும். பொலிஸார் வந்த பின்னரே அரசியலமைப்பு அரங்கினுள் நுழைகின்றது. அவ்விடத்திலும் 2004ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் நெவாடா மாநில வழக்கொன்றில், நியாயமான சந்தேகத்தின் பேரில் நிறுத்தப்பட்ட ஒருவர் தமது பெயரைச் சொல்லவேண்டும் என்று மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்தலாம் எனத் தீர்ப்பளித்தது. பெயரைச் சொல்வது வேறு, அட்டையைக் காட்டுவது வேறு என்ற நூலிழை வேறுபாட்டிலேதான் ஒஹையோ இளைஞர் நின்றார்.

கொஸ்ட்கோ, சாம்ஸ் கிளப் போன்ற அங்கத்துவ அங்காடிகளின் நிலை வேறு. அங்கு பொருள் வாங்குவதற்கு முன்பே ஆண்டுச் சந்தா செலுத்தி உறுப்பினராகின்றோம். வெளியேறும்போது பற்றுச்சீட்டும் பொருட்களும் பார்வையிடப்படும் என்பது அந்த உடன்படிக்கையின் ஒரு நிபந்தனை. கையொப்பமிட்டுவிட்டு வாசலில் வந்து உரிமை பேசுவது முறையன்று. பிடிக்காவிட்டால் உறுப்புரிமையைத் துறந்துவிடலாம். அங்கு கூட ஊழியர் ஒருவர் வாடிக்கையாளரின் கையைப் பிடித்து இழுக்க அந்த நிபந்தனை உரிமை தருவதில்லை; மறுப்பவரின் உறுப்புரிமையை நிறுத்தலாம், அவ்வளவே. வோல்மார்ட், பெஸ்ட் பை போன்ற எவரும் நுழையக்கூடிய கடைகளில் அத்தகைய உடன்படிக்கை எதுவுமில்லை. கொஸ்ட்கோவில் பழகிய கை வோல்மார்ட்டிலும் தானாகவே சீட்டை நீட்டுகின்றது. உடன்படிக்கையால் வந்த வழக்கம் உடன்படிக்கை இல்லாத இடத்திலும் வேரூன்றிவிட்டது.

வோல்மார்ட் வாசலுக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1980ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தின் குரோலி நகரிலுள்ள வோல்மார்ட் கடைக்கு அதன் நிறுவனர் சாம் வோல்ற்றன் சென்றபோது, வாசலில் முதியவர் ஒருவர் நின்று வருவோரை வரவேற்றாராம். அக்கடையில் திருட்டு அதிகமாக இருந்தது. காவலாளியை நிறுத்தினால் நேர்மையான வாடிக்கையாளர்கள் மனம் நோவார்கள் என்று எண்ணிய உள்ளூர் முகாமையாளர் சிரித்த முகத்துடன் ஒரு பெரியவரை நிறுத்தினார். வருவோருக்கு வரவேற்பு, திருட எண்ணுவோருக்கு ஒரு சோடிக் கண்கள். இந்த ஏற்பாடு வோல்ற்றனுக்குப் பிடித்துப்போயிற்று. பின்னர் எல்லாக் கடைகளுக்கும் பரவிற்று. வோல்ற்றன் தமது சுயசரிதையில் இதனை விவரித்துள்ளார்.

அந்த முகாமையாளரின் மதிநுட்பத்தை நான் பாராட்டுகின்றேன். திருட்டைத் தடுக்கவேண்டிய தேவையும், திருடாதவரை அவமதிக்கக்கூடாது என்ற உணர்வும் அவரிடம் ஒருங்கே இருந்தன. பிற்காலத்தில் அந்த இரண்டாவது உணர்வு தேய்ந்துவிட்டது. 2019ஆம் ஆண்டில் வோல்மார்ட் நிறுவனம் ஏறத்தாழ ஆயிரம் கடைகளில் வரவேற்பாளர் பதவியை நீக்கி, வேறு பெயரில், பற்றுச்சீட்டுச் சோதனையையும் பாதுகாப்பையும் சேர்த்துப் பார்க்கும் பதவியாக மாற்ற முற்பட்டது. பாரம் தூக்கவும் நீண்ட நேரம் நிற்கவும் வேண்டும் என்ற புதிய நிபந்தனைகளால் மாற்றுத்திறனாளிகளான வரவேற்பாளர்கள் வேலை இழக்கும் நிலை தோன்றி, நாடெங்கும் கண்டனம் எழுந்தது. வணக்கம் சொல்லிய வாசல் கணக்குக் கேட்கும் வாசலாயிற்று.

அங்காடிகளின் தரப்பு நியாயத்தையும் கேட்கவேண்டும். திருட்டு என்பது கற்பனையன்று. அமெரிக்கத் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பின் கணிப்பின்படி 2022ஆம் ஆண்டில் சரக்கு இழப்பு மொத்த விற்பனையில் 1.6 சதவீதம், பணமாகக் கூறின் 112 பில்லியன் டொலர். பெரிய தொகைதான். ஆனால் இத்தொகை முழுவதும் கள்வர்களால் வந்ததன்று. அதே கணிப்பு கூறுவதாவது: வெளியாரின் திருட்டு சுமார் 36 சதவீதம், சொந்த ஊழியரின் திருட்டு சுமார் 29 சதவீதம், கணக்குப் பிழைகளும் நிர்வாகக் குறைபாடுகளும் சுமார் 27 சதவீதம். அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இழப்புக்கும் வாடிக்கையாளருக்கும் தொடர்பே இல்லை. இதே கூட்டமைப்பு 2023 டிசெம்பரில் வேறொரு கூற்றை மீளப்பெற வேண்டியும் வந்தது. ஒழுங்கமைக்கப்பட்ட கொள்ளைக் கூட்டங்களே மொத்த இழப்பில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் என்று முன்னர் அது அறிக்கை வெளியிட்டிருந்தது. எண்கள் தவறாகப் பொருள்கொள்ளப்பட்டன என்பது பின்னர் தெரியவந்தது. அதற்குள் அந்த எண்ணைப் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் எடுத்தாண்டுவிட்டனர். பெரிய எண் ஒன்றைப் பெரிய அமைப்பொன்று சொன்னால் அதனை விசாரியாமல் அச்சிடும் பழக்கம் எமது தொழிலின் பழைய நோய்.

வாசல் சோதனையால் எவ்வளவு திருட்டுப் பிடிபடுகின்றது? சற்று நின்று கவனித்தால் புரியும். நாற்பது பொருட்கள் குவிந்துள்ள வண்டியைப் பத்து விநாடிகளில் எவராலும் எண்ணிப் பார்க்க முடியாது. ஊழியர் சீட்டின் தலையையும் காலையும் பார்க்கின்றார். வண்டியின் அடித்தட்டில் பெரிய பொருள் ஏதும் உண்டா என்று நோக்குகின்றார். பேனாவால் ஒரு கோடு இழுக்கின்றார். அந்தக் கோடு, அதே சீட்டை வைத்து இரண்டாம் முறை பொருள் கொண்டுபோவதைத் தடுக்கும். நண்பருக்கோ உறவினருக்கோ சில பொருட்களைப் பதியாமல் விட்டுவிடும் காசாளருக்கும் அது ஓர் எச்சரிக்கை. ஆம், வாசல் சோதனையின் மறைமுக இலக்குகளில் ஒன்று உள்ளே இருக்கும் காசாளரே. சட்டைப் பைக்குள் சவரக்கத்தி அலகுகளை மறைத்துச் செல்பவரிடம் எவரும் சீட்டுக் கேட்பதில்லை. அவரிடம் வண்டியும் இல்லை, பையும் இல்லை. நேர்மையாக வரிசையில் நின்று பணம் செலுத்தியவரே வாசலில் இன்னொரு வரிசையில் நிற்கின்றார்.

காசாளர் என்று சொன்னேன். அந்த இனமே இப்போது அருகிவருகின்றது. கடந்த இருபது ஆண்டுகளில் பெரிய அங்காடிகள் காசாளர்களைக் குறைத்து, வாடிக்கையாளரே பொருளைப் பதிந்து பணம் செலுத்தும் இயந்திரங்களை நிறுவின. சம்பளமின்றி அவர்களது வேலையை நாம் செய்கின்றோம். பயிற்சி தராமல், வெண்டிக்காய்க்கு எந்த இலக்கம் என்று தேடவிட்டு, பிழை நேர்ந்தால் கள்வர் என்று சந்தேகிக்கின்றார்கள். வேலையையும் வாடிக்கையாளர் தலையில் சுமத்தி, அந்த ஏற்பாட்டால் விளைந்த இழப்புக்கான சந்தேகத்தையும் அவர் தலையிலேயே சுமத்துவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? சில நிறுவனங்கள் இதனை உணரத் தொடங்கியுள்ளன. பிரித்தானியாவின் பூத்ஸ் அங்காடிகள் 2023 நவம்பரில் பெரும்பாலான கிளைகளிலிருந்து இந்த இயந்திரங்களை அகற்ற முடிவு செய்தன. அமெரிக்காவில் ரார்கெற் நிறுவனம் 2024 மார்ச்சில் இயந்திர வரிசையைப் பத்துப் பொருட்களுக்கு மட்டுப்படுத்தியது.

சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அலபாமா மாநிலத்தில் ஒரு வழக்கு இருக்கின்றது. 2016 நவம்பரில் பெண்ணொருவர் வோல்மார்ட் கடையொன்றில் இயந்திரத்தில் பணம் செலுத்தி ஏறத்தாழ 48 டொலர் பெறுமதியான மளிகைப் பொருட்களுடன் வெளியேறியபோது நிறுத்தப்பட்டார். இயந்திரம் இடையில் பழுதாகி நின்றதாக அவர் விளக்கியும் ஏற்கப்படவில்லை. திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்டுக் கைது செய்யப்பட்டார். வழக்குத் தள்ளுபடியாயிற்று. அதன் பின்னரும் சட்ட நிறுவனம் ஒன்றிடமிருந்து, 200 டொலர் செலுத்தித் தீர்த்துக்கொள்ளாவிட்டால் சிவில் வழக்குத் தொடரப்படும் என்ற கடிதங்கள் அவருக்கு வந்துகொண்டிருந்தன. அவர் பணம் கட்டவில்லை. எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2021ஆம் ஆண்டு யூரிகள் சபை அவருக்கு 2.1 மில்லியன் டொலர் நட்டஈடு வழங்கவேண்டும் என்று தீர்மானித்தது. 48 டொலருக்கு 2.1 மில்லியன் என்று சிரிப்பவர்கள், குற்றமற்றவராயிருந்தும் தொல்லை வேண்டாமென்று 200 டொலரைக் கட்டிவிட்டு மௌனமாக இருக்கக்கூடியவர்களை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி, மறுப்பவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். இணையத்தில் இந்த மறுப்புப் பற்றி வீரம் பேசுவோர் பெரும்பாலும் தமது உரிமையில் ஐயமே இல்லாதவர்கள். பொலிஸார் வந்தாலும் தமக்குப் பெரிய தீங்கு நேராது என்ற நம்பிக்கை அவர்களுக்குண்டு. எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. 2013ஆம் ஆண்டு நியூயோர்க்கின் பார்னிஸ் என்ற ஆடம்பர அங்காடியில் 350 டொலர் பெறுமதியான இடைப்பட்டி ஒன்றைத் தமது சொந்தப் பணத்தில் வாங்கிய 19 வயதுக் கறுப்பின மாணவர் ஒருவர், கடையை விட்டு வெளியேறிய பின்னர் பொலிஸாரால் தடுத்துவைக்கப்பட்டார். அவரிடம் பற்றுச்சீட்டு இருந்தது. வங்கி அட்டையும் அவருடையதே. இவ்வளவு விலையுள்ள பொருளை வாங்க இவருக்கு எப்படி இயலும் என்பதே சந்தேகம்! மாநிலச் சட்டமா அதிபரின் விசாரணையை அடுத்து 2014இல் பார்னிஸ் 525,000 டொலரும், இதேபோன்ற முறைப்பாடுகளை எதிர்நோக்கிய மேசிஸ் 650,000 டொலரும் செலுத்த உடன்பட்டன.

ஆகவே பற்றுச்சீட்டைக் காட்டுவது எல்லோருக்கும் ஒரே செயலன்று. வெள்ளைக்காரப் பொறியியலாளர் ஒருவருக்கு அது இரண்டு விநாடித் தாமதம். நூறு தடவை பின்தொடரப்பட்ட ஒருவருக்கு அது நூற்றோராவது அவமானம். ஆனால் மறுப்பதால் வரும் ஆபத்தும் இரண்டாமவருக்கே அதிகம். மறுக்கக் காரணம் அதிகமுள்ளவர்களுக்கே மறுக்கும் வாய்ப்புக் குறைவு. எம்மவர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் திருட்டுக் குற்றம் பொதுவாக ஒழுக்கக்கேடான குற்றங்களின் வகையில் வைக்கப்படுகின்றது. மாணவர் விசாவிலோ தற்காலிக வேலை அனுமதியிலோ இருப்பவருக்கு, ஏன் நிரந்தர வதிவிட அனுமதி பெற்றவருக்குங்கூட, ஒரு சிறு திருட்டுக் குற்றத் தீர்ப்பு நாட்டில் தங்கும் உரிமையையே கேள்விக்குள்ளாக்கலாம். குற்றத் தீர்ப்பு வேண்டாம். கைது செய்யப்பட்டதுண்டா என்று விண்ணப்பப் படிவத்தில் வரும் கேள்விக்கு ஆயுள் முழுவதும் 'ஆம்' என்று எழுதவேண்டிவரும். இத்தகையவரிடம் போய் "உன் உரிமையை நிலைநாட்டு" என்று நான் உபதேசம் செய்யமாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு பெரிய அங்காடிக்கு அழைத்துச் சென்றார்கள். வெளியேறும்போது வாசலில் எவரும் எம்மிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மருமகன் நாலடி தூரத்திலேயே பற்றுச்சீட்டை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். கேட்கவில்லையே, ஏன் காட்டுகின்றீர்கள் என்றேன். "கேட்கிறதுக்கு முன்னமே காட்டினாப் பிரச்சினை இல்லை மாமா" என்றார். அவர் வவுனியாவில் பிறந்து வளர்ந்தவர். மேலும் விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் தலைமுறைக்கும் அதற்கடுத்த தலைமுறைக்கும் காகிதம் காட்டுவது உடலில் ஊறிய பழக்கம். கொழும்பில் இரவு பத்திரிகைப் பணி முடித்து வீடு திரும்புகையில் எத்தனை காவலரண்களில் அடையாள அட்டையை நீட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. 2002இல் ஏ9 பாதை திறக்கப்பட்டபோது ஓமந்தையில் ஒரு தரப்பும் அதனைத் தாண்டினால் மறுதரப்பும் பொதிகளை அவிழ்த்துப் பார்த்தன. ஒரு பக்கம் வரியும் அறவிடப்பட்டது. அங்கு எவரும் "காட்ட விரும்பவில்லை" என்று கூறிவிட்டு நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவசரகால விதிகளின் கீழ் வேண்டுகோள் என்று ஒன்று கிடையாது. எல்லாம் கட்டளை.

இதனால் எமக்கு இரண்டு விதமான குருட்டுத்தன்மை ஏற்பட்டுவிட்டது. ஒன்று, இதெல்லாம் ஒரு சோதனையா என்ற அலட்சியம். செம்மணி வெளியைக் கடந்துவந்தவருக்கு வோல்மார்ட் வாசல் ஒரு பொருட்டா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியே. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை, நான் வைக்கவில்லை. மற்றது, வேண்டுகோளுக்கும் கட்டளைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே மறந்துவிடுவது. சீருடை அணிந்த எவர் கேட்டாலும் கை தானாகவே சட்டைப் பைக்குள் போகின்றது. கேட்பவருக்கு அதிகாரம் உண்டா, எந்தச் சட்டத்தின் கீழ், மறுத்தால் என்ன என்ற கேள்விகள் மனதில் எழுவதேயில்லை. சுதந்திர நாடொன்றில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பழக்கத்தை முதுசமாகக் கொடுப்பதா என்பதே எனக்குள்ள கவலை. மருமகனின் பின்னால் அன்று அவரது எட்டு வயது மகளும் நடந்துவந்தாள்.

கனடாவிலும் சட்டம் ஏறக்குறைய இதையே சொல்கின்றது. குற்றவியல் கோவையின் 494ஆம் பிரிவு, தமது சொத்தின் மீது குற்றம் புரிகையில் காணப்படும் ஒருவரைக் கைதுசெய்யச் சொத்தின் உரிமையாளருக்கு இடமளிக்கின்றது. 2009ஆம் ஆண்டு ரொறன்ரோ சீனர் நகரில், திருடிச் சென்றவன் சிறிது நேரத்தின் பின் மீண்டும் வந்தபோது அவனைத் துரத்திப் பிடித்துக் கட்டிவைத்த கடைக்காரர் மீது பொலிஸார் வழக்குத் தொடுத்தனர். 2010இல் அவர் விடுதலையானார். பொதுமக்களின் அனுதாபம் அவர் பக்கமே இருந்தது. பின்னர், குற்றம் நடந்து நியாயமான காலத்துக்குள் கைது செய்யலாம் என்று சட்டமே திருத்தப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்காபரோவில் மளிகைக் கடை நடத்தும் எம்மவர் எவரும் அந்தச் சீனக் கடைக்காரரின் கோபத்தைப் புரிந்துகொள்வர். ஆனால் அவர் கண்டது ஒரு திருட்டை. திருடியவனையே பிடித்தார். வருவோர் போவோர் எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சீட்டுக் கேட்கவில்லை. திருத்தப்பட்ட சட்டமும் அதற்கு இடமளிக்கவில்லை.

வாசலில் நிற்கும் ஊழியரைப் பற்றியும் சொல்லவேண்டும். மறுப்பாளர்களில் சிலர் அவர் மீது காட்டும் ஆத்திரம் எனக்கு ஏற்புடையதன்று. பெரும்பாலும் அவர் குறைந்த ஊதியத்துக்கு எட்டு மணிநேரம் கால் கடுக்க நிற்கும் முதியவர், அல்லது நேற்று வந்திறங்கிய குடியேறி. சில இடங்களில் எங்கள் ஊர் மனிதர். சோதனை விதியை வகுத்தவர் அவரல்லர். அவரைப் படம்பிடித்து, அரசியலமைப்புப் பாடம் நடத்தி, அதனை உலகெங்கும் பரப்பி மகிழ்வது உரிமைப் போராட்டமன்று. வலியவர் மெலியவரைச் சீண்டும் பழைய விளையாட்டு. மறுப்பதாயின் நின்று, முகத்தைப் பார்த்து, மரியாதையாக மறுத்துவிட்டுப் போகலாம். முறைப்பாட்டை முகாமையாளருக்கும் தலைமையகத்துக்கும் எழுதலாம். ஒஹையோவில் அந்த முகாமையாளர் வாகனத்தை மறித்த அதே ஆண்டின் மார்ச் மாதத்தில்தான் சேர்கிட் சிற்றி நிறுவனம் ஊதியம் அதிகம் பெறுகின்றார்கள் என்ற காரணத்துக்காக அனுபவமிக்க விற்பனையாளர்கள் 3,400 பேரை ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கியது. பொருளைப் பற்றி அறிந்தவர்களை அனுப்பிவிட்டு வாசலில் காவலை வைத்திருந்தார்கள். 2008 நவம்பரில் அந்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2009 மார்ச்சில் கடைசிக் கடையும் மூடப்பட்டது. பற்றுச்சீட்டுக் கேட்டதால் மூடப்பட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் வாடிக்கையாளரையும் ஊழியரையும் அந்த நிர்வாகம் எப்படிப் பார்த்தது என்பதற்கு இரண்டும் சான்று.

என்னுடைய நிலைப்பாடு என்ன என்று கேட்பீர்கள். உடன்படிக்கை உள்ள இடத்தில் காட்டுகின்றேன். இல்லாத இடத்தில், எல்லோரிடமும் கேட்கின்றார்களா என்று ஒரு கணம் பார்க்கின்றேன். முன்னால் சென்றவரை விட்டுவிட்டு என்னை மட்டும் கேட்டால் காட்டுவதில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் பயணம் செய்யும் முதியவன் என்பதால் வாக்குவாதம் செய்வதுமில்லை. இது கோழைத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

இப்போது பிரச்சினை இன்னொரு கட்டத்துக்கு நகர்ந்திருக்கின்றது. பிரித்தானியாவில் செயின்ஸ்பரிஸ் 2023ஆம் ஆண்டில் சில கிளைகளில், பற்றுச்சீட்டிலுள்ள கோட்டுக் குறியீட்டை இயந்திரத்தில் காட்டினால் மட்டுமே திறக்கும் தடுப்புக் கதவுகளை அமைத்தது. கனடாவில் லொப்லோ நிறுவனம் 2024இல் ஒன்ராறியோவின் சில கடைகளில் இதனைப் பரீட்சித்தது. அமெரிக்காவிலும் சேஃப்வே போன்றவை சில கடைகளில் இத்தகைய கதவுகளை நிறுவின. இந்தக் கதவு முன்னால் சென்றவரின் நிறத்தைப் பார்ப்பதில்லை என்பது உண்மை. அந்த அளவில் மனிதரிலும் மேல் என்று வாதிடுவோரும் உளர். ஆனால் வாசலில் மனிதர் நிற்கும்வரை அது வேண்டுகோளாகவாவது இருந்தது. கதவு மூடியிருக்கையில் எதுவும் வாங்காமல் வெளியேறுபவர் என்ன செய்வார்? ஊழியரை அழைத்து, தாம் எதுவும் வாங்கவில்லை என்று விளக்கவேண்டும். சீட்டைத் தவறவிட்ட தாய், கைக்குழந்தையுடன் நின்று விளக்கவேண்டும். காரணமின்றி ஒருவரைத் தடுத்துவைப்பது தவறு என்ற அந்தப் பழைய பொதுச்சட்டக் கோட்பாட்டின்படி, மூடிய கதவு தடுத்துவைத்தலா இல்லையா என்பதை எந்த நாட்டிலாவது ஒருவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்று கேட்கவேண்டும். 2007இல் ஒஹையோவில் சமரசத்தில் கைநழுவிய தீர்ப்பு அப்படியாவது எழுதப்படட்டும்.

அதுவரை, பணம் செலுத்தியபின் பற்றுச்சீட்டு அச்சிடவா என்று இயந்திரம் கேட்கும்போது ஆம் என்றே அழுத்துங்கள். காட்டுவதும் காட்டாததும் பிறகு தீர்மானிக்கவேண்டியது. கையில் சீட்டு இருந்தால்தான் அந்தத் தீர்மானம் உங்களுடையதாக இருக்கும்.